மீட்டர் இருப்பது மறுமுனையில்

ஒரு கருவி தன் முழுத் திறமையோடு வேலை செய்துவிடக் கூடாது என்று சட்டம் போட்ட கதை ஒன்று ரேடியோ வரலாற்றில் உண்டு. 1970களில் அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் நெடுஞ்சாலையில் தங்களுக்குள் பேசிக்கொள்ள 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோ வைத்திருந்தார்கள். அதற்கு அனுமதி 4 வாட். சில ஆண்டுகளில் அந்த ரேடியோவின் மேல் நாட்டுக்கே பித்துப் பிடித்தது. கூட்டம் சேரச் சேர, 4 வாட்டில் தன் குரல் அமுங்கிப்போவதாக நினைத்தவர்கள் உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்களான ஹாம்களுக்கென்று விற்ற ஆம்ப்ளிஃபையரை வாங்கிப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். இதைத் தடுக்க அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1978 முதல் ஆம்ப்ளிஃபையர் தயாரிப்பாளர்கள் மீது அடுத்தடுத்து விதித்த நிபந்தனைகள் வினோதமானவை. சிபிக்கு அருகிலுள்ள 10 மீட்டர் பட்டையில் அது வேலை செய்யக் கூடாது. 50 வாட்டுக்குக் குறைவாக உள்ளே கொடுத்தால் அது தன் முழு வெளியீட்டை எட்டக் கூடாது. உள்ளே வருவதை 15 டெசிபெலுக்கு மேல் பெருக்கக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், சின்ன ரேடியோவுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர் வாய்க்கவே கூடாது. 10 மீட்டர் தடையும் 50 வாட் நிபந்தனையும் 2006இல் போய்விட்டன. 15 டெசிபெல் வரம்பு அதற்குப் பிறகும் நின்றது.

15 டெசிபெல் என்றால் சுமார் 32 மடங்கு. 5 வாட் உள்ளே போனால் 158 வாட் வெளியே வரும். அங்கே ஹாம்களுக்கு உச்சமாக அனுமதிக்கப்பட்ட 1500 வாட்டை எட்ட 47 வாட் கொடுத்தாக வேண்டும். வால்வுகளின் காலத்தில் இந்தக் கணக்கு யாரையும் உறுத்தவில்லை. கிரிட்டை எர்த் செய்து ஓட்டும் 3-500இசட் போன்ற வால்வுகளுக்கு எப்படியும் அறுபது எழுபது வாட் தேவைப்பட்டது. எல்டிமாஸ் டிரான்சிஸ்டர்கள் வந்ததும் நிலைமை மாறியது. உள்ளங்கையில் பாதியைக்கூட நிரப்பாத ஒரு துண்டு, நாலைந்து வாட்டை வாங்கிக்கொண்டு ஆயிரம் வாட்டுக்கு மேல் கொடுக்கும். அதைச் சட்டத்துக்கு உட்பட்டு விற்க வேண்டியிருந்த தயாரிப்பாளர்கள் வாசலிலேயே ஓர் அட்டென்யுவேட்டரைப் போட்டார்கள். 47 வாட் வந்தால் 42 வாட்டைச் சூடாக்கிக் காற்றில் விட்டு, மிச்சம் 5 வாட்டை டிரான்சிஸ்டரிடம் கொடுத்தார்கள். சட்டம் வெளியே நிறுத்திவைத்த அதே 5 வாட்டைத்தான் உள்ளே இருந்த டிரான்சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தது.

சட்டம் போட்டவர்களின் கவலை அக்கம்பக்கத்து அமைதி பற்றியது. அது நியாயமானதுதான். ஆனால் சின்ன ரிக் ஒன்றை, அதாவது பேசவும் கேட்கவும் ஆன சிறு ரேடியோ பெட்டியை, வைத்துப் பழகிய ஹாம், இதோடு பெரிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கத் தொடங்கும்போது எதிர்ப்படும் கேள்வி வேறு. கூடுதலாக வாங்கப்போகும் இந்த வாட்டுகள் யாருக்காக?

குறைந்த பவரில் பேசுவதை ஹாம்கள் க்யூஆர்பி என்கிறார்கள். மோர்ஸில் 5 வாட், பேச்சில் 10 வாட் என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட எல்லை. இதில் இறங்கியவர்கள் பெரும்பாலும் பணமில்லாமல் இறங்கியவர்கள் கிடையாது. பிரிட்டனில் 1974இல் ஜி-க்யூஆர்பி சங்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் டாப்ஸ் ஓர் ஆங்கிலிக்கன் பாதிரியார். சில டிரான்சிஸ்டர்களை வைத்து ஒரே மாலையில் கட்டி முடித்துவிடக்கூடிய சுற்றுகளைச் சங்கத்தின் 'ஸ்ப்ராட்' இதழில் பல பத்தாண்டுகள் வெளியிட்டுவந்தார். இந்தியாவில் இந்த மரபுக்கு ஒரு தனி முகம் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாமான்களை வைத்தே கட்ட முடியும் என்பதற்காக உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருவில் பவர் சப்ளைக்காக விற்கும் ஐஆர்எஃப்510 என்ற மலிவான ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர்தான் அதன் கடைசிக் கட்டம். அது கொடுப்பது சில வாட்டுகள்.

பிட்எக்ஸில் என்னை ஈர்ப்பது அதன் விலையைவிட அதன் கட்டமைப்பு. அதில் உள்ள பெருக்கிகள் இரண்டு திசையிலும் வேலை செய்யும். கேட்கும்போது ஆன்டெனாவிலிருந்து ஸ்பீக்கர் நோக்கி ஓடும் சிக்னல், பேசும்போது அதே கட்டங்கள் வழியாக, அதே கிரிஸ்டல் ஃபில்டர் வழியாக, எதிர்த்திசையில் ஓடுகிறது. சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே பாதை, ஒரே அளவு என்ற ஒழுங்கு அதில் அமைந்துவிடுகிறது. சின்ன ரிக்கில் பழகியவரின் மனதிலும் இந்த ஒழுங்கு எப்படியோ படிந்துவிடும். தன் குரல் மெலிது என்று தெரிந்தவர் சட்டென்று பேச மாட்டார். முதலில் பட்டையை மேலும் கீழும் உருட்டிப் பார்ப்பார். எந்த நேரத்தில் எந்தத் திசை திறக்கிறது, அந்தி சாயும்போது 40 மீட்டரில் யார் எழும்பி வருகிறார்கள், கூட்டம் மொய்க்கும் ஒரு தொலைதூர நிலையம் எந்த இடைவெளியில் மூச்சு விடுகிறது என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருந்தால் அவரால் ஒரு தொடர்பைக்கூடப் பிடிக்க முடியாது.

இவருக்கும் ஒருநாள் சலிப்பு வரும். சூரியப் புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் சிற்றலை வானம் மாதக்கணக்கில் மந்தமாகக் கிடக்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராத மாலைகள் அடுக்கிக்கொண்டே போகும். அப்போது ஆம்ப்ளிஃபையர் பற்றிய யோசனை எழுகிறது. அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் பொதுநிலை உரிமம் பெற்ற ஹாம் சிற்றலையில் 400 வாட் வரை போகலாம். கட்டுப்படுத்தப்பட்ட நிலை உரிமத்துக்கு 50 வாட். 5 வாட்டிலிருந்து 400 வாட் என்பது 80 மடங்கு. இந்த 80 மடங்கு, மறுமுனையில் உட்கார்ந்திருப்பவரின் ரிசீவரில் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரில் என்னவாகத் தெரியும்? 80 மடங்கு என்பது 19 டெசிபெல். ஓர் எஸ் அலகு 6 டெசிபெல் என்று சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியத்தின் தரம் சொல்கிறது. மீட்டர்கள் அதை அப்படியே பின்பற்றுவது அபூர்வம் என்றாலும் கணக்குக்கு அது போதும். மூன்று அலகும் ஒரு துளியும். ஊசி 5இல் நின்றிருந்தால் இப்போது 8இல் நிற்கும். அவ்வளவுதான். முதல் 20 மடங்கை, அதாவது 100 வாட் வரையான ஏற்றத்தை, சாதாரண ரிக் ஒன்றே கொடுத்துவிடும். அதற்கு மேல் 400 வரை ஏறுவது சரியாக ஒரே ஓர் அலகு.

இத்தோடு நிறுத்திக்கொண்டு, பார்த்தீர்களா, பெரிய பவர் வீண் என்று எழுதிவிடலாம். க்யூஆர்பி ஆர்வலர்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதே மூன்று அலகுகளை இரண்டு வேறு வீடுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் ஊருக்கு வெளியே, தோப்புக்குள் இருக்கிறார். அவருடைய ரிசீவரில் இரைச்சல் எஸ்-1. அங்கே என் 5 வாட் எஸ்-5இல் விழுந்தால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். நான் 400 வாட் போட்டால் அவருக்குக் கூடுதலாக எதுவும் புரியப்போவதில்லை, வால்யூமைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். இன்னொருவர் நகரத்து அடுக்ககத்தில் இருக்கிறார். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், போன் சார்ஜர், மேல்மாடியில் சோலார் என்று எல்லாம் சேர்ந்து அவருடைய ரிசீவரில் எப்போதும் எஸ்-6 இரைச்சல். அங்கே என் 5 வாட் முழுகிவிடும். நான் கூப்பிட்டதே அவருக்குத் தெரியாது. அதே மூன்று அலகு ஏறி 8இல் வந்தால் சிரமமில்லாமல் பேசலாம். ஒரு வீட்டில் ஒன்றுமே இல்லாத மூன்று அலகு, இன்னொரு வீட்டில் பேச்சு உண்டா இல்லையா என்பதையே முடிவு செய்கிறது.

இங்கிருந்துதான் நான் சொல்ல வரும் விஷயம் தொடங்குகிறது. வாட் என்பது அனுப்புகிறவரின் மேசையில் அளக்கப்படுகிறது. அதன் மதிப்பு கேட்கிறவரின் வீட்டு இரைச்சலில் தீர்மானமாகிறது. ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் மினுங்கும் மீட்டர் நமக்குப் பெருமை கொடுக்கலாம். அது அளப்பது நம்முடைய செலவை மட்டுமே. பயனை அளக்கும் மீட்டர் மறுமுனையில் இருக்கிறது, அது நம் கண்ணில் படுவதே இல்லை. மறுமுனையில் இருப்பவர் சொல்லித்தான் தெரியவேண்டும்.

ஜோடி சேர்க்கும் வேலையையும் கொஞ்சம் பார்ப்போம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு கோஆக்ஸ் கேபிள், அவ்வளவுதான் என்று தோன்றும். உண்மையில் முக்கியமான கம்பி வேறு. ரிக்கின் பின்புறத்திலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஒரு மெல்லிய ஒயர், "பேசப்போகிறேன்" என்று முன்கூட்டியே சொல்கிறது. ஆம்ப்ளிஃபையருக்குள் ஆன்டெனாவை மாற்றிக் கொடுக்கும் ரிலே இழுத்து நிலைபெறப் பத்துப் பதினைந்து மில்லி நொடி ஆகும். அதற்குள் ரிக் அவசரப்பட்டுப் பவரை அனுப்பினால் ரிலேயின் முனைகளில் பொறி பறந்து அவை கருகும். ஆகவே சின்னது, பெரியது தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். பழைய வால்வு ஆம்ப்ளிஃபையராக இருந்தால் வேறொரு சிக்கலும் உண்டு. அதன் ரிலேயை இழுக்கத் தேவையான மின்னழுத்தத்தையும் கரண்டையும், சின்ன ரிக்குக்குள் இருக்கும் பொடி டிரான்சிஸ்டர் தாங்காது. நடுவில் ஒரு பஃபர் பெட்டி வைக்கவேண்டும். சில ரிக்குகளுக்கு இன்னொரு குணமும் இருக்கும். 5 வாட்டுக்குக் குறைத்து வைத்தாலும் பேசத் தொடங்கும் முதல் சில மில்லி நொடிகளில் அதைவிட அதிகமாக உமிழும். எல்டிமாஸ் டிரான்சிஸ்டரின் கேட் உயிரை விட அந்தச் சில மில்லி நொடிகள் போதும். விலை உயர்ந்தது சாவதும் பிழைப்பதும் விலை குறைந்ததன் நிதானத்தில் இருக்கிறது.

மின்சாரத்தின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. யாசு நிறுவனத்தின் எஃப்டி-817, ஐகாமின் ஐசி-705 போன்ற ரிக்குகளை ஒரு தோள்பையில் போட்டுக்கொண்டு மலையேறலாம். சொந்த பேட்டரியிலேயே இரண்டும் பேசும். 400 வாட் வெளியே வர ஏறத்தாழ 800 வாட் உள்ளே போகவேண்டும். 13.8 வோல்ட்டில் அது 58 ஆம்பியர். பாதி சூடாகப் போகும், அதைத் தள்ள மின்விசிறி ஓடும், அந்த விசிறியின் சத்தம் நம் காதிலேயே விழும். மலையேறிய ரிக் வீட்டு மேசைக்குத் திரும்பி, சுவர் பிளக்கோடு கட்டுண்டுவிடும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்த பிறகும், ஆம்ப்ளிஃபையர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. கொடுத்ததைப் பெருக்குகிறது. ஊர்த் திருவிழாவில் மேடையேறும் பேச்சாளர் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு கத்தினால் குழாயில் சொல் வராது, கரகரப்புதான் வரும். "அய்யா, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க" என்று மைக் செட்காரர் கீழிருந்து கை காட்டுவார். ரேடியோவில் அந்த மைக் செட்காரரின் வேலையை ஏஎல்சி என்ற கட்டுப்பாட்டு மின்னழுத்தம் செய்கிறது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து ரிக்குக்குத் திரும்பிப் போய், போதும், குறைத்துக்கொள் என்று அது சொல்லும். பல ஜோடிகளில் அந்தக் கம்பியை மாட்டுவதே இல்லை. மாட்டினாலும் இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளுக்கு ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதில்லை. அப்போது கரகரப்பு நம் அலைவரிசையோடு நிற்காது. பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் மீதும் தெறிக்கும்.

தெறிப்புக்கும் கணக்கு உண்டு. பேச்சை அனுப்பும் ரிக் ஒன்றில் இப்படித் தெறிக்கும் கழிவு, உச்சப் பவருக்கு 30 டெசிபெல் கீழே இருந்தால் சுமாரானது என்று விட்டுவிடுவார்கள். 5 வாட்டில் அந்தக் கழிவு 5 மில்லிவாட், யாருக்கும் தெரியாது. 400 வாட்டுக்குப் பெருக்கிய பிறகு அதுவே 400 மில்லிவாட். அடிப்படை அலைவரிசையின் மடங்குகளில் எழும் ஹார்மோனிக்ஸ் விஷயத்தில் கணக்கு இன்னும் கூர்மையானது. சிற்றலையில் அவை அடிப்படைச் சிக்னலைவிடக் குறைந்தது 43 டெசிபெல் கீழே இருக்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. 1500 வாட்டுக்கு 43 டெசிபெல் கீழே என்றால் 75 மில்லிவாட். விதியை முழுதாகப் பின்பற்றும் ஒரு நிலையம், வேறொரு பட்டையில் 75 மில்லிவாட்டைச் சிந்திக்கொண்டிருக்கலாம். வானம் ஒத்துழைக்கும் நாளில், அந்த அளவை வைத்துக்கொண்டு ஒரு க்யூஆர்பிக்காரர் கடல் தாண்டிவிடுவார். ஒருவரின் சிந்தலும் மற்றவரின் குரலும் ஒரே அளவு.

ஆகவே சின்ன ரிக்கின் தரம்தான் ஜோடியின் தரம். மெலிதாக இருந்தவரை யாரும் கவனிக்காத குறைகளெல்லாம் பெருக்கியவுடன் ஊருக்குத் தெரியும். 5 வாட்டில் சுத்தமாகப் பேசக் கற்றவர்தான் 400க்குத் தகுதியானவர் என்று மூத்த ஹாம்கள் சொல்வதை வெறும் உபதேசம் என்று தள்ள முடியாது. சுற்றிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது.

இனி காதின் விஷயம். ஹாம்கள் சில நிலையங்களை 'அலிகேட்டர்' என்று கேலி செய்வார்கள். முதலை: வாய் மட்டும் பெரிது, காது தெரிவதேயில்லை. உலகமெல்லாம் அதைக் கேட்கும், அதுவோ பதில் சொல்பவர் யாரையும் கேட்காமல் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இது குணக்கேடாக மட்டும் இருப்பதில்லை, பல நேரம் இயற்பியல்தான். இரண்டு நிலையங்களுக்கு இடையே வானத்தில் ஏற்படும் இழப்பு, பொதுவாக இரு திசைக்கும் ஒன்று. நான் போவதற்கு எவ்வளவு கடினமோ அவர் வருவதற்கும் அவ்வளவே. இரண்டு பேரும் 5 வாட்டில் இருந்தால், இரைச்சலும் ஒத்திருந்தால், ஒருவருக்குக் கேட்பது மற்றவருக்கும் கேட்கும். நான் மட்டும் 400 வாட்டுக்குப் போனால் அந்தச் சமன் உடைகிறது. என் குரல் எட்டும் வட்டம் விரிகிறது. என் காது எட்டும் வட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய வளையம். அதில் இருப்பவர்களுக்கு எல்லாம் என்னைக் கேட்கிறது, அவர்கள் சொல்லும் பதில் எனக்குக் கேட்காது. நான் சம்பாதித்தது அந்த வளையத்தைத்தான்.

நகரத்து ஹாம்தான் அதிகமாக ஆம்ப்ளிஃபையர் வாங்க நினைக்கிறார். அவருக்குத்தான் அது குறைவாகப் பயன்படும். இரைச்சல் அவர் வீட்டில் இருக்கிறது. பெட்டியில் ஏற்றும் வாட், தன் ரிசீவரின் எஸ்-6ஐ ஒரு கோடுகூடக் குறைக்காது. அதே பணத்தை ஆன்டெனாவில் போட்டால் கதை வேறு. மூன்று எலிமென்ட் யாகி ஆன்டெனா ஒன்று, சாதாரண டைபோல் ஆன்டெனாவைவிட ஐந்தாறு டெசிபெல் கூடுதலாகக் கொடுக்கும். அந்தக் கூடுதல் பேசும்போதும் கிடைக்கும், கேட்கும்போதும் கிடைக்கும். வேண்டாத திசையின் இரைச்சலையும் அடக்கும். மலிவான மெல்லிய கேபிளை மாற்றினாலே சில இடங்களில் பாதிக்கு அருகிலான பவர் மிச்சமாகும். 10 மீட்டர் பட்டையில் 30 மீட்டர் நீள ஆர்ஜி-58 கேபிள் சுமார் இரண்டரை டெசிபெலைத் தின்கிறது. ஆன்டெனாவும் கேபிளும் வாய்க்கும் காதுக்கும் பொது. ஆம்ப்ளிஃபையர் வாய்க்கு மட்டும்.

ஹாம்களின் வரலாற்றில் இதை மிக அழகாக உணர்ந்த தருணம் 1921இல் வந்தது. 200 மீட்டரும் அதற்குக் கீழும் யாருக்கும் உதவாது என்று கருதி, 1912இன் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை அங்கே ஒதுக்கிவிட்டிருந்தது. அந்த அலைகளில் அட்லாண்டிக்கைத் தாண்ட முடியுமா என்று பார்க்க 1921 பிப்ரவரியில் ஒரு சோதனை நடந்தது. அமெரிக்கர்கள் அனுப்பினார்கள், பிரிட்டனில் காத்திருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. இன்னும் பவரை ஏற்றுவோம் என்று அமெரிக்க ரேடியோ ரிலே லீக் அதோடு நின்றிருக்கலாம். அது செய்தது வேறு: ஒரு காதைக் கப்பலேற்றியது. ரிசீவர் வல்லுநரான பால் காட்லி தன் கருவிகளோடு ஸ்காட்லாந்துக்குப் போனார். ஆர்ட்ராசன் கடலோரத்தில், டிசம்பர் குளிரில், கூடாரம் அடித்து, சில நூறு மீட்டர் நீளத்துக்குக் கம்பியைத் தாழ்வாக இழுத்துக் கட்டினார். பெவரேஜ் ஆன்டெனா என்ற அந்தக் கம்பி அனுப்புவதற்கு மிக மோசமானது, கொடுக்கும் பவரில் பெரும்பகுதியை மண்ணிலும் முனையிலும் இழக்கும். கேட்பதற்கோ ஈடில்லாதது. அதில்தான் கனெக்டிகட் மாநிலம் கிரீனிச்சிலிருந்து வந்த 1பிசிஜி நிலையத்தின் செய்தி முழுதாகப் பிடிபட்டது. அந்த நிலையத்தைக் கட்டியவர்களில் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஒருவர். அனுப்பியவர்களின் சாதனையாகவே அது பேசப்படுகிறது. கேட்ட காதுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

ஒலிபரப்புக்கு இந்த நியாயம் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். 1924இல் சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப் 40 வாட் டிரான்ஸ்மிட்டரோடு ஆரம்பித்து, பின்னர் 200 வாட்டுக்குப் போனது. அது சரியான முடிவு. ஒலிபரப்பில் ஒருவர் பேச, மற்றவர் எல்லாரும் கேட்கிறார்கள். பதில் வரப்போவதில்லை, ஆகவே பேசுகிறவருக்குக் காதும் வேண்டியதில்லை. கேட்பவர்களின் கருவி எளியதாக இருக்கவேண்டும் என்றால் நிலையத்தின் பவர்தான் ஏறவேண்டும். ஹாம் ரேடியோவின் அடிப்படை இதற்கு நேர் எதிரானது. அதில் ஒரு தொடர்பு என்று பதிவேட்டில் எழுத, இரண்டு பேரின் கால்சைன் என்ற அடையாளப் பெயரும் ரிப்போர்ட்டும் இரு திசையிலும் போய்ச்சேர்ந்திருக்க வேண்டும். பாதித் தொடர்பு என்று ஒன்று கிடையாது. பெரிய ஆம்ப்ளிஃபையரின் ஆபத்து, உரையாடலுக்கென்று வாங்கிய உரிமத்தில் நம்மை அறியாமலே ஒலிபரப்பத் தொடங்கிவிடுவோம் என்பதுதான்.

பவருக்கு மாற்று ஒன்று உண்டு, அது நேரம். பல்சர் ஆய்வுக்காக 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் ஒரு ஹாம். வானத்தின் மிக மெல்லிய துடிப்புகளைக் கேட்டுப் பழகிய அவர், 2008இல் விஸ்பர் என்ற டிஜிட்டல் முறையை வெளியிட்டார். கால்சைன், இருப்பிடம், பவர் ஆகிய மூன்றையும் 50 பிட்டுக்குள் அடக்கி, சுமார் 6 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள், ஏறத்தாழ 110 நொடி எடுத்துக்கொண்டு அது சொல்லும். ஒரு மனிதர் இரண்டு மூன்று மூச்சில் சொல்லிவிடக்கூடிய செய்திதான். அப்படி மெதுவாகச் சொன்னால் 200 மில்லிவாட்டும் கண்டம் தாண்டிக் கேட்கிறது, காதுக்கு வெறும் இரைச்சலாக இருக்கும் இடத்திலும் கணினி அதைப் படித்துவிடுகிறது. ஒரு செய்தி போய்ச்சேர ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றல் வேண்டும் என்பது மாறாத விதி. அதை ஒரே நொடியில் ஆம்ப்ளிஃபையர் வழியாகவும் கொட்டலாம், இரண்டு நிமிடத்தில் பொறுமையாகவும் கொடுக்கலாம். சின்ன ரிக்குக்காரர் பெரும்பாலும் பொறுமையால் கட்டுகிற தொகையைத்தான் பெரிய ஆம்ப்ளிஃபையர்காரர் மின்சாரத்தால் கட்டுகிறார்.

ஆனால் பொறுமை எப்போதும் நம் கையில் இருப்பதில்லை. 2004 டிசம்பரில் அந்தமானுக்கு பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போயிருந்தது. உலக ஹாம்கள் தேடித் தவிக்கும் அந்தத் தீவிலிருந்து தொடர்புகள் கொடுப்பது அவர்கள் நோக்கம். 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் அடங்கிய நேரத்தில் அந்தப் பொழுதுபோக்கு நிலையம், தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தும் நிலையமானது. உயிரோடு இருப்பவரின் பெயரைப் படிக்கும்போது ஓர் எழுத்து இரைச்சலில் மாறிப்போனால், பெருநிலத்தில் ஒரு குடும்பம் தவறான செய்தியை வாங்கிக்கொள்ளும். அத்தகைய நேரத்தில் நான் 5 வாட்டில்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடிப்பது எளிமை ஆகாது, அதுவும் ஒருவகைத் தற்பெருமைதான். "திரும்பச் சொல்லுங்கள்" என்று மறுமுனை கேட்கும் ஒவ்வொரு முறையும் செலவாவது அவர்களின் நேரம். அங்கே கூடுதல் வாட் என்பது கேட்பவருக்குச் செய்யும் உபகாரம்.

அமெரிக்க விதிகளில் 1500 வாட் என்ற உச்ச வரம்பு எழுதியிருக்கும் அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. நினைத்த தொடர்புக்குத் தேவையான மிகக் குறைந்த பவரையே அமெச்சூர் நிலையம் பயன்படுத்த வேண்டும் என்கிறது அது. உச்ச வரம்பை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்த வரியை அவ்வளவாகப் பேசமாட்டார்கள். உச்சத்தை அளக்க ஒரு வாட் மீட்டர் போதும். தேவையை அளக்க இன்னொரு மனிதரைக் கேட்டாக வேண்டும். "எப்படிக் கேட்கிறது? இப்போது குறைக்கிறேன், இப்போது?" என்று கேட்டுக் கேட்டு இறங்கி வரவேண்டும். அந்த விதியைத் தனியாக உட்கார்ந்து கடைப்பிடிக்க வழியே இல்லை.

அதனால்தான் சின்ன ரிக்கும் பெரிய ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த ஜோடியை நான் முரணாகப் பார்ப்பதில்லை. 100 வாட் ரிக் ஒன்றை வாங்குகிறவர் பெரும்பாலும் 100இலேயே தொடங்கி 100இலேயே முடிப்பார். 5 வாட் ரிக்கோடு ஆம்ப்ளிஃபையரை வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு தொடர்பிலும் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது. ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் ஸ்டாண்ட்பை என்றும் ஆபரேட் என்றும் இரண்டு நிலை கொண்ட ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஸ்டாண்ட்பையில் வைத்தால் 5 வாட் அந்தப் பெரிய பெட்டிக்குள் நுழைந்து, ரிலே வழியாக, யாரும் தொடாமல் அப்படியே ஆன்டெனாவுக்குப் போய்விடும். எப்போதும் அங்கிருந்து தொடங்க வேண்டும். மறுமுனை கேட்டால் ஆபரேட்டுக்குத் தள்ளலாம், போதும் என்றால் திரும்ப இறக்கலாம். இத்தனை விலை கொடுத்து வாங்கிய அந்தப் பெட்டியில், நம் விரல் தொட்டாலும் இன்னொருவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அசையவேண்டிய ஒரே பாகம் அதுதான். அதை அப்படி அசைக்கத் தெரிந்தவருக்கு 400 வாட் தாராளமாகக் கொடுக்கலாம். தெரியாதவர் கையில் 5 வாட்டும் அதிகம்.